இடைவேளை இல்லாத சனிக்கிழமை

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வெள்ளியங்கிரி சோபாவை நகர்த்த ஆரம்பித்துவிடுவார். நகர்த்த வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. கூடத்தில் யார் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் சுவர் நிறையப் படம் தெரியும். இருந்தாலும் தியேட்டர் என்றால் வரிசை இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முன்னால் சோபா, பின்னால் சாப்பாட்டு மேசை நாற்காலிகள். பின்னால் இருப்பது பால்கனி. பால்கனியில் வலது ஓரம் குப்புராஜுக்கு. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. ஆனால் யாரும் உட்கார்ந்ததும் இல்லை.

கோயம்புத்தூரில் நிஜத் தியேட்டர்கள் கல்யாண மண்டபங்களாக மாறி வெகுகாலமாகிவிட்டது. ஒரு படத்தை எடுத்து வைத்து ஊருக்கெல்லாம் காட்டும் வழக்கமே போய்விட்டது. இப்போது வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி. 'இதம்' என்று பெயர். யாராவது ஒரு வரி சொன்னால் போதும், அந்த வரியை வைத்து, எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கென்றே ஒரு முழுப் படத்தை அது அப்போதைக்கப்போதே செய்து காட்டும். மறுநாள் அதே வரியைச் சொன்னாலும் அதே படம் வராது. நேற்றுப் பார்த்த படத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேச முடியாது. அவன் அதைப் பார்த்திருக்க மாட்டான், இனிமேல் பார்க்கவும் முடியாது. பெரும்பாலான வீடுகளில் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு படம் ஓடியது. வெள்ளியங்கிரிக்கு அது பிடிக்காது. தனியாகப் பார்ப்பதற்குப் பெயர் படமா, அதற்குக் கண்ணை மூடித் தூங்கிக் கனவு கண்டுகொள்ளலாமே என்பார்.

அவர் வீட்டுக்கு வாராவாரம் மூன்று பேர் வருவார்கள். மூன்று பேரும் அவரோடு ஒரே மோட்டார் பம்ப் கம்பெனியில் இருந்தவர்கள். குப்புராஜும் ஜான் ரத்தினமும் இன்னும் அங்கேதான். ஹபீபுல்லா அங்கே கேன்டீன் எடுத்து நடத்தியவர், இப்போது கணபதிப் பகுதியில் சொந்தமாக பேக்கரி வைத்திருக்கிறார். வரும்போது சூடு ஆறாத தேங்காய் பன்னோடு வருவார். வெள்ளியங்கிரியின் மனைவி சாரதாமணி போண்டா போடுவாள். படத்துக்கு வரி சொல்லும் உரிமை வாரம் ஒருவருக்கு. பெட்டிக்கு இடைவேளை என்றால் என்னவென்றே தெரியாது. பாதிப் படத்தில் ஹபீபுல்லா எழுந்து நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து "இடைவேளை" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் மாடிப்படி வரை கேட்கும். சாரதாமணி படத்தை நிறுத்திவிட்டு டீயைச் சூடு பண்ணப் போவாள்.

இத்தனையையும் ஆரம்பித்து வைத்தது குப்புராஜ். மூன்று வருடத்துக்கு முன்னால் வெள்ளியங்கிரி அந்தக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவின் தலைவராக இருந்தார். அவர் தட்டிப் பார்த்து ஒதுக்கிய இரும்பு வார்ப்பு திரும்ப உள்ளே போகாது என்று பெயர். ஒருநாள் மேலே கூப்பிட்டார்கள். சப்ளையரிடம் நீங்கள் கை நீட்டுவதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார்கள். யார் கொடுத்த தகவல் என்று சொல்லவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்தது. நிரூபணமாகவும் இல்லை, இல்லை என்று ஆகவும் இல்லை. நீங்களாகவே விலகிக்கொண்டால் மரியாதை என்றார்கள், விலகிக்கொண்டார். அதன்பின் பல மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடியே கிடந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், பேசச் சொன்னால் பேச மாட்டார். டாக்டர் மருந்து கொடுத்தார். அது வேலை செய்ததோ இல்லையோ, ஒரு சனிக்கிழமை குப்புராஜ் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, "மாப்ளே, எந்திரி. படம் போடு. நாங்க வந்திருக்கம்ல" என்றார். அது வேலை செய்தது.

வெள்ளியங்கிரியின் நாற்காலியில் பிறகு குப்புராஜைத்தான் உட்கார வைத்தார்கள். யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும் என்று வெள்ளியங்கிரியே அப்போது சொன்னார். மனசாரத்தான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை ஹபீபுல்லாவின் முறை. "கோயில் நகை காணாமப் போகுது, ஒரு பொம்பள இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கறாங்க" என்று வரி சொன்னார். படம் பிரமாதமாகப் போனது. இன்ஸ்பெக்டர் ஊரையே கலக்கினாள். இடைவேளைக்குப் பிறகு தர்மகர்த்தாவின் வீட்டு முற்றத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, "உங்க கூடவே இருக்கற ஒருத்தர்தான் எனக்குத் தகவல் சொன்னார்" என்று சொல்லித் திரும்பினாள். அடுத்த நொடி அம்மன் கழுத்தில் நகை இருந்தது, தேர் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தத் தகவல் சொன்னவன் யாரு?" என்றார் வெள்ளியங்கிரி.

ஜான் ரத்தினம் போண்டாத் தட்டைப் பார்த்தார்.

"போன மாசமும் இப்படித்தான். அந்த ஜமீன் கதைல, போட்டுக்கொடுத்தவன் வர்ற எடத்துல தாண்டிப் போயிருச்சு."

"விடு மாப்ளே," என்றார் பால்கனியிலிருந்து குப்புராஜ். "நமக்கெதுக்கு அந்தக் கருமமெல்லாம். நகை கெடச்சுதல்ல."

வெள்ளியங்கிரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தனக்கு வலிக்கும் என்றுதான் பெட்டி அந்தக் காட்சியை மறைக்கிறது, அது இவர்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்தே இத்தனை நாள் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது.

மூன்றாம் நாளே 'இதம்' கம்பெனிக்காரப் பெண்ணை வரவழைத்தார். எழில்மதி என்று பெயர், சின்ன வயது, பேச்சில் ஒளிவு மறைவு இல்லை. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். அதுக்குப் பேரு காப்பு. படம் பார்க்கறவங்க மூச்சு, கண்ணு, நெஞ்சுத் துடிப்பு எல்லாத்தையும் பெட்டி பார்த்துட்டே இருக்கும். ஒரு காட்சி ஒருத்தர் மனசைக் காயப்படுத்தும்னு தெரிஞ்சா அதை வராமப் பண்ணிரும்."

"ஒருத்தருக்கு வலிச்சா எல்லாத்துக்கும் வெட்டிருமா?"

"ஆமாங்க. ஒரே சுவரு, ஒரே படம்தானுங்களே. அஞ்சு பேரு உக்காந்தா அஞ்சு பேர் காயமும் கழிஞ்சதுதான் படம்."

"வீட்டுக்கு வந்து போறவங்களுக்குமா?"

"ரெண்டு தடவை வந்தாப் போதும், பெட்டி அவங்களையும் கத்துக்கும்."

"யாருக்காக வெட்டுச்சுன்னு அது சொல்லுமா?"

"சொல்லாதுங்க. சொல்லக் கூடாதுன்னு சட்டம். சொன்னா ஊர்ல ஒரு குடும்பம் ஒண்ணா இருக்காதுங்க சார்."

வெள்ளியங்கிரி சிரித்தார். "என்ற காப்பை மட்டும் எடுத்துவிடும்மா. எனக்கு அதெல்லாம் வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

எழில்மதி கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தட்டிப் பார்த்தாள். ஏதோ யோசித்தாள். சமையலறையிலிருந்து சாரதாமணி காபி தருவதாகக் கூப்பிட்டாள். அந்தப் பெண் உள்ளே போய் நின்றபடியே காபியைக் குடித்தாள். ஒரு காபி குடிக்க ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடவே ஆனது. வெளியே வந்து, "முடிஞ்சுதுங்க சார்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டினாள். வெள்ளியங்கிரி அதைக் கவனிக்கவில்லை. வார்ப்பில் முடி அளவு கீறலைக் கண்டுபிடித்தவர், மனுஷ முகத்தில் கோட்டை விட்டார்.

வந்த சனிக்கிழமை வரி சொல்லும் முறை குப்புராஜுடையது. "இந்த வாரம் நான் சொல்றேன்" என்று வெள்ளியங்கிரி வாங்கிக்கொண்டார். எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "ஒரு கம்பெனி. அதுல நேர்மையா இருக்கற ஒருத்தனை, கூடவே இருக்கற ஒருத்தன் போட்டுக்கொடுக்கறான். அது யாருன்னு கடைசில தெரியணும்."

சாரதாமணி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். ஹபீபுல்லா பன் பொட்டலத்தைப் பிரிப்பதை நிறுத்தினார்.

படம் வந்தது. கம்பெனி வந்தது, நேர்மையானவன் வந்தான், அவனுடைய மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். சிநேகிதர்களில் ஒருவன் முதலாளியின் அறைக் கதவைத் தட்டுகிறான். முதுகு மட்டும் தெரிகிறது. கதவு திறக்கிறது. அவ்வளவுதான். நேர்மையானவன் ஏதோ ஒரு மலையடிவாரத்தில் வாழைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான், பேரப்பிள்ளைகள் ஓடி வந்தன. ஹபீபுல்லா அன்றைக்கு இடைவேளை விடவே மறந்துபோனார்.

வெள்ளியங்கிரி விளக்கைப் போட்டார். "என்ற காப்பை நான் எடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமையே எடுத்தாச்சு. அப்படியும் வெட்டுதுன்னா இது எனக்காக வெட்டல. உங்கள்ல யாருக்கோ வலிக்குது."

அவர் பால்கனியின் வலது ஓரத்தைப் பார்த்தார்.

"நீ அன்னைக்கு விடு மாப்ளேன்ன. எதுக்கு விடச் சொன்ன, குப்புராஜ்?"

"மாப்ளே, என்ன பேசறே?"

"என்ற நாற்காலில நீதானே உக்காந்திருக்கே."

குப்புராஜ் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த டம்ளரைத் தரையில் சத்தம் வராமல் வைத்தார். "நீ சுவத்தப் பார்த்துப் படுத்துக் கெடந்தப்ப, உன்னைய எந்திரிக்க வைக்கறதுக்கு நான் வேற வழி தெரியாம இந்தப் பொட்டி முன்னாடி வந்து உக்காந்தேன். எனக்குப் படமே புடிக்காது, தெரியுமா உனக்கு? பின்னாடி வரிசைல உக்காந்து பாதி நேரம் தூங்கிட்டுத்தான் இருப்பேன்" என்றார். பிறகு சாரதாமணியைப் பார்த்து, "வர்றேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெள்ளியங்கிரியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த வாரம் குப்புராஜின் நாற்காலி காலியாக இருந்தது. வெள்ளியங்கிரி அதே வரியைச் சொன்னார். அதே இடத்தில் படம் தாண்டியது. இந்தத் தடவை முதுகுகூட வரவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த நேரமே அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு குப்புராஜின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷன் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே திரும்பி வந்திருப்பார். ஆனால் ஒருவனை விரட்டிவிட்ட பிறகு அவன் குற்றவாளியாக இருப்பதுதான் விரட்டியவனுக்கு வசதி. குப்புராஜ் மட்டும் இல்லை, கூட்டுச் சேர்ந்து செய்திருக்கிறார்கள் என்று வெள்ளியங்கிரி முடிவு கட்டினார்.

ஜான் ரத்தினம் அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு அவரே ஆரம்பித்தார். "வெள்ளி, உன்னைய ஒருத்தன் போட்டுக்கொடுத்தான்னு உனக்கு யார் சொன்னது?"

"தகவல் வந்திருக்குன்னு மேல சொன்னாங்கல்ல."

"அவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வாங்க. அந்த வருஷம் பெரிய சம்பளக்காரங்க ஏழெட்டுப் பேரை வெளிய அனுப்பணும்னு இருந்தாங்க. உன்ற பேரும் அதுல இருந்துச்சு. சும்மா அனுப்பினா நஷ்டஈடு தரணும். அதனால தகவல்னு ஒண்ணு. போட்டுக்கொடுக்க அங்க யாருக்கும் நேரமில்லை, வெள்ளி. நம்மளையெல்லாம் அவ்வளவு தூரம் யாரும் நெனைக்கறதும் இல்லை."

"இது தெரிஞ்சும் இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இதைவிட நொந்துபோவேன்னு நெனச்சோம்."

நினைத்தது சரிதான். தன்னைப் பிடிக்காத ஒருவன் திட்டம் போட்டுக் கவிழ்த்தான் என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஏழெட்டுப் பேரில் ஒருவராகக் கழித்துக் கட்டினார்கள் என்றால் என்ன மிஞ்சுகிறது. வெள்ளியங்கிரிக்கு மூச்சு முட்டியது. நெஞ்சில் மூச்சு முட்டியதை அவர் கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

"நெனச்சோம்னு சொல்றியே, யார் யாரு நெனச்சீங்க? நீங்க மூணு பேரும் தனியா உக்காந்து பேசியிருக்கீங்க. அப்ப குப்புராஜ்கூட நீயும் உண்டு."

ஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். ஹபீபுல்லா அவரை வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிக் கூடவே கிளம்பினார். "வர்றனுங்ணா" என்றார், ஆனால் வரவில்லை. அடுத்த வாரம் தேங்காய் பன்னை மட்டும் டெலிவரிக்காரன் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கடுத்த வாரம் பன்னும் வரவில்லை.

"ஏனுங்க, யாருமே வரலையே" என்றாள் சாரதாமணி. மாவைக் கரைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேலையா இருப்பாங்க. நீ வந்து உக்காரு."

இருவருமாகப் பார்த்தார்கள். அவர் அதே வரியைச் சொன்னார். படம் அதே இடத்தில் தாண்டியது.

வெள்ளியங்கிரி மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாரத்திலிருந்து ஒரு வாரம்கூட இந்தக் கூடத்தை விட்டுப் போகாதவள். சப்ளையர் தீபாவளிக்கு அனுப்பிய வெள்ளிக் குத்துவிளக்கை அவர் திருப்பி அனுப்பியபோது, ஒரு விளக்குதானே என்று வருத்தப்பட்டவள். யாரிடமாவது வாய் தவறிச் சொல்லியிருப்பாளோ? அது எங்கேயோ சுற்றி எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்குமோ? முப்பது வருடம் கூட இருந்தவளைப் பற்றி இப்படி நினைக்க ஒரு பெட்டி போதுமானதாக இருந்தது.

"பொள்ளாச்சிக்கு உன்ற அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரணும்னு சொன்னயே, வர்ற சனிக்கிழமை போயிட்டு வா" என்றார்.

"சனிக்கிழமை எப்படிங்க போறது?"

"அதான் யாரும் வரலையே. போ."

அவள் போனாள். சனிக்கிழமை வெள்ளியங்கிரி ஒருவர் மட்டும் சோபாவில் உட்கார்ந்தார். வழக்கம் போல நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார், கை தானாகச் செய்துவிட்டது. வரியைச் சொன்னார். இனிமேல் மறைக்க யாரும் இல்லை, வந்தே தீர வேண்டும் என்று முன்னால் குனிந்து உட்கார்ந்து பார்த்தார்.

கம்பெனி வந்தது. நேர்மையானவன் வந்தான். கதவு வந்தது. வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்தது.

வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தார். பின்னால் நாற்காலிகள் மட்டும்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரதாமணி பையோடு உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு என்ற காப்பை எடுத்தாளா இல்லையா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். இனிமேலும் மறைக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

"எடுக்கலீங்க. நீங்க சீக்கா இருந்தப்ப டாக்டர் என்னையத்தான் பொறுப்பாப் போட்டிருந்தாரு. நான் சரின்னு சொன்னாத்தான் எடுக்க முடியும்னு அந்தப் பொண்ணு சமையல்கட்டுல வந்து கேட்டுச்சு. எடுக்க வேண்டாம், எடுத்துட்டேன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிரும்மான்னேன். அது பாவம், மாட்டேன்னுதான் சொல்லுச்சு. நான்தான் கெஞ்சினேன்."

"ஏன்?"

"ஏன்னா? மறுபடி நீங்க சுவத்தப் பார்த்துத் திரும்பிப் படுத்தா நான் யாருகிட்டப் போய் நிக்கறது?"

"குப்புராஜை நான் என்ன கேட்டேன்னு நீயும்தானே பார்த்துட்டு இருந்தே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுங்க. அந்த நேரத்துல உங்க மூஞ்சியைப் பார்த்தேன். எல்லாத்து முன்னாடியும் உங்களுக்கு இன்னும் சரியாகலைன்னு எப்படிங்க சொல்றது? நாளைக்கு சமாதானமாயிருவாங்க, சிநேகிதக்காரங்கதானேன்னு இருந்துட்டேன்." அவள் கீழே வைத்த பையைப் பார்த்தாள். "என்னைய எதுக்குப் பொள்ளாச்சிக்கு அனுப்பினீங்க?"

வெள்ளியங்கிரியின் பார்வை பெட்டிக்குப் போனது. அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சமைத்தாள், பரிமாறினாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் குப்புராஜைப் போனில் கூப்பிட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார்.

"சொல்லுங்க சார்" என்றார் குப்புராஜ்.

இருபத்திரண்டு வயதில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே வேட்டியை மாற்றி மாற்றிக் கட்டியவர்கள். மாப்ளே என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. எடுத்ததும் நாலு கெட்ட வார்த்தை வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தார்.

"மாப்ளே, பொட்டி எனக்காகத்தான் வெட்டியிருக்குது. சாரதா காப்பை எடுக்க விடல. எனக்குத் தெரியாது. நான் உன்னையத் தப்பா..."

"பரவால்லீங்க சார். மனசுல வெச்சுக்காதீங்க."

"சனிக்கிழமை வாடா."

"பார்க்கலாமுங்க. வேலை இருக்குதுங்க. ஒடம்பைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். கடைசி வரை மரியாதை குறையவே இல்லை.

ஜானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹபீபுல்லா எடுத்து, ரம்ஜான் முடியட்டுங்ணா, அப்பறமா வர்றேன் என்றார். ரம்ஜான் வர இன்னும் நாலு மாதம் இருந்தது.

வந்த சனிக்கிழமை வெள்ளியங்கிரி சோபாவை நகர்த்தவில்லை. சாரதாமணிதான் நகர்த்தினாள். நாற்காலிகளையும் அவளே இழுத்துப் போட்டாள். போண்டாவும் போட்டாள், பழக்கத்தில் மாவு அதிகமாகக் கரைத்திருந்தாள். அவள் மன்னித்துவிட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

"இன்னைக்கு நான் வரி சொல்றனுங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் வரி சொன்னதே இல்லை. அவளுக்கும் ஒரு முறை உண்டு என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. சுவரைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்: "ஒரு வீடு. அந்த வீட்டுக்கு சனிக்கிழமையானா சிநேகிதக்காரங்க எல்லாம் வந்து ஒண்ணா உக்காந்து படம் பார்ப்பாங்க. சிரிக்கற மாதிரி இருக்கட்டும்."

படம் ஆரம்பித்தது. இதே போல ஒரு கூடம். ஒரு ஆள் சோபாவை நகர்த்துகிறான், நகர்த்துவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். சாரதாமணி சிரித்தாள். அவன் மனைவி வாணலியில் எண்ணெயை ஊற்றுகிறாள். அவன் திருட்டுத்தனமாக ஒரு போண்டாவை எடுத்து வாயைச் சுட்டுக்கொள்கிறான். அழைப்பு மணி அடிக்கிறது. அவன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகக் கதவை நோக்கிப் போகிறான். தாழ்ப்பாளில் கை வைக்கிறான்.

அடுத்த நொடி விடிந்திருந்தது. அவன் நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு மேசையடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

படத்தில் அடுத்த சனிக்கிழமை வந்தது. மறுபடி சோபா, மறுபடி வாணலி, மறுபடி மணி. கதவு திறக்கும் இடத்தில் மறுபடி விடிந்தது. காலி டம்ளர்களை அவன் மனைவி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, வந்தவங்களைக் காட்டவே மாட்டேங்குதே" என்றாள் சாரதாமணி. சொல்லிவிட்டு, யாருக்காக என்பது அவளுக்கும் புரிந்துபோய், தட்டில் இருந்த போண்டாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளியங்கிரி ஒன்றை எடுத்துக்கொண்டார். பாதிப் படம் ஆகியிருக்கும் என்று தோன்றியபோது அவர் கண் தானாகப் பின்வரிசைக்குப் போய்த் திரும்பியது. இடைவேளை விட யாரும் எழுந்து நிற்கவில்லை. படம் நிற்காமல் ஓடி முடிந்தது.